நாயைக் கீழே இறக்கிவிட்டாரா?

‘புட்’ (put) என்கிற ஒரு சின்ன ஆங்கில வினைச்சொல்லால் மூக்குடைபட்ட அனுபவம் யாருக்காவது உண்டா? முதலில் என் கதை.

2009-ல் வேலைக்காக இங்கிலாந்தில் இருக்கிற லீட்ஸ் நகரத்துக்குப் போயிருந்தேன். பக்கத்து மேஜையில் ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. எங்களுக்குள் பேச்சு என்றால் பாதி அவருடைய நாயைப் பற்றித்தான். ஒரு திங்கட்கிழமை காலை டீக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. ‘சனிக்கிழமை அவனை புட் டவுன் பண்ண வேண்டியதாகிவிட்டது’ என்றார். எனக்குத் தெரிந்து புட் என்றால் வை, டவுன் என்றால் கீழே. தூக்கிக்கொண்டு நடந்திருப்பார், கை வலித்திருக்கும், இறக்கிவிட்டிருப்பார். ‘நல்லதாப் போச்சு, கனமாக இருந்திருப்பானே’ என்று சிரித்தேன். அவர் என்னையே பார்த்தார். ‘பதினாலு’ என்றார். கிலோ என்று நினைத்து, ‘அவ்வளவுதானா?’ என்று வேறு கேட்டுத் தொலைத்தேன். கெட்டில் ‘டக்’கென்று அணைந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

மதியம்தான் இன்னொரு நண்பர் விளக்கினார். நோயிலோ முதுமையிலோ தவிக்கிற பிராணிக்கு மருத்துவர் ஊசி போட்டு, வலியில்லாமல் உயிரை விட வைப்பதற்கு அங்கே அப்படித்தான் சொல்வார்களாம். பதினாலு, அதன் வயது. குழந்தையை புட் டவுன் பண்ணினால் தொட்டிலில் போடுவது, ஆளைப் பண்ணினால் மட்டம் தட்டுவது. சாயந்திரம் மன்னிப்புக் கேட்கப் போனால் அந்த அம்மாவே என்னைத் தேற்றினார்.

ஓய்வுபெற்ற உதவியாளர்:
தம்பி, நம் ஊரிலேயே அடி வாங்கியவன் நான். 1984, ஒரு தாலுகா அலுவலகம், வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்கூட ஆகவில்லை. கண்காணிப்பாளர் ஒரு கோப்பை நீட்டி, ‘நாளைக்குள்ள இதைப் புட் அப் பண்ணிடுப்பா’ என்றார். அப் என்றால் மேலே. பீரோவுக்கு மேலே பத்திரமாக வைத்துவிட்டேன். மூன்றாம் நாள் கேட்டார். ‘அன்னைக்கே பண்ணிட்டேன் சார்’ என்று பீரோவைக் கை காட்டினேன். குறிப்பு எழுதி அதிகாரியின் பார்வைக்கு அனுப்புவதுதான் புட் அப் என்று எனக்கு யார் சொன்னது? ரிட்டையர் ஆகும்வரை ‘பீரோ’ என்றுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

டியூஷன் அக்கா:
நான் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். ‘என் அம்மா’ கட்டுரையில் ஒரு பையன் எழுதியிருந்தான்: மை மதர் புட்ஸ் கோலம், புட்ஸ் டீ, புட்ஸ் ஃபைட் வித் மை ஃபாதர். சிவப்பு மையை எடுத்தேன், சிரிப்பில் கை ஓடவில்லை. பாவம், அவன் மேல் என்ன தப்பு? நமக்குக் கோலமும் போடுவதுதான், டீயும் போடுவதுதான், சண்டையும் போடுவதுதான். லைட், கையெழுத்து, கணக்கு, மொட்டை, தாழ்ப்பாள், குட்டி என எல்லாவற்றுக்கும் நம்மிடம் ஒரே ‘போடு’. ஆங்கிலத்தில் கோலத்தை வரையணும், டீயைத் தயாரிக்கணும், ஃபைட்டுக்கோ துணைக்கு வினையே வேண்டாம், அதுவே வினை. சட்டைக்கும் லைட்டுக்கும் புட் ஆன் கைகொடுக்கிறது.

இன்னொரு தொல்லை, இறந்தகாலம். புட் நேற்றும் புட், இன்றும் புட். பிள்ளைகள் விடாமல் ‘புட்டட்’ (putted) என்று எழுதுவார்கள். கோல்ஃபில் பந்தைக் குழிக்குள் மெல்லத் தட்டுவதைச் சொல்லும் வினைக்கு அதே எழுத்துகளில் இறந்தகாலம் உண்டு, வாசிப்பது ‘பட்டட்’ என்று. எங்கள் தெருவில் கோல்ஃப் ஆடுகிறவர் யாரும் இல்லாததால் தப்பென்று சிவப்பு மையால் அடித்துவிடுகிறேன்.

அகராதிப் பைத்தியம்:
அக்கா, நம் ‘போடு’வுக்குச் சளைத்ததில்லை புட். 1989-ல் 20 தொகுதிகளாக வந்த ஆக்ஸ்போர்டு அகராதியில் ‘செட்’டுக்குத்தான் மிக நீளமான பதிவு, சுமார் 430 பொருள். அப்புறம் திருத்திக்கொண்டே வந்தபோது நம் புட்டும் சில வருஷம் முதலிடத்தில் இருந்தது. 2011 வாக்கில் ‘ரன்’ 645 பொருளோடு வந்து அதைத் தள்ளிவிட்டது.

டியூஷன் அக்கா:
அடுத்த வாரம் ரன்தான் நடத்தணும். நல்ல நேரத்தில் வயிற்றில் புளியைக் கரைத்தீர்கள்.

ஓய்வுபெற்ற உதவியாளர்:
என் மருமகள் நேற்று போனில் யாரிடமோ, ‘வீட்டுல எல்லாத்தையும் புட் அப் வித் பண்ணிட்டுத்தான் இருக்கேன்’ என்றாள். ஏதோ கோப்பு சமாச்சாரம் போல என்று பேசாமல் இருந்துவிட்டேன். சரிதானே?

டியூஷன் அக்கா:
ஐயா, சகித்துக்கொள்வது என்று ஒரு பொருள் இருக்கிறது, ஆனால் நீங்கள் கோப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.