பொடி எழுத்துப் பெயர்களைப் பின்தொடர்ந்து நான் கேட்ட ஆல்பங்கள்

ஒரு ஆல்பம் மனசுக்குப் பிடித்துவிட்டால் நான் முதலில் செய்வது, அதில் யார் யார் வாசித்திருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான். அட்டையின் முன்பக்கத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் பெயரைச் சொல்லவில்லை. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்குமே, தபலா இன்னார், பேஸ் இன்னார் என்று, அந்தப் பெயர்கள். அவர்களில் ஒருவரைப் பிடித்துக்கொண்டு அவர் வேறு எங்கே வாசித்திருக்கிறார் என்று தேடிப் போவேன். ஆப் காட்டும் பரிந்துரைகள் பெரும்பாலும் நான் ஏற்கெனவே கேட்டதன் சாயலிலேயே இருக்கும். இந்தப் பெயர்களோ நான் எட்டிப்பார்க்கவே நினைக்காத இடங்களுக்கெல்லாம் என்னைக் கூட்டிப்போயிருக்கின்றன. அந்த வழியைத்தான் இங்கே பகிர்கிறேன். நடுவில் எங்கே வேண்டுமானாலும் நீங்கள் ஏறிக்கொள்ளலாம்.

எனக்கு இது தொடங்கியது 1967இல் வந்த 'கால் ஆஃப் த வேலி'யில். சந்தூர் (குச்சிகளால் தட்டி வாசிக்கும் தந்தி வாத்தியம்) சிவகுமார் சர்மா, புல்லாங்குழல் ஹரிபிரசாத் சௌராசியா, கிட்டார் பிரிஜ்பூஷன் காப்ரா. மூவருக்கும் அப்போது வயது முப்பதை ஒட்டித்தான். காஷ்மீரில் ஒரு மேய்ப்பனின் ஒரு நாள்தான் ஆல்பத்தின் கதை. விடியலுக்கு ஆஹிர் பைரவ், பிறகு பீலு, பூப், தேஸ், கடைசியில் பஹாடி என்று பொழுதுக்கேற்ற ராகங்களில் அந்த நாள் நகரும். யாரோ ஒருவர் 'நிதானமான இசை' என்று தொகுத்து வைத்த பட்டியலில் இதன் துண்டுகளைத்தான் முதலில் கேட்டேன். சாயங்காலம் முன்னாலும் விடியல் பின்னாலும் கிடந்தன. அழகாகத்தான் இருந்தது, ஆனால் ஒன்றும் ஒட்டவில்லை. அப்புறம் முழு ஆல்பத்தையும் வரிசையாகக் கேட்டபோதுதான், காலையில் தயங்கித் தயங்கிப் பேசும் சந்தூரும் குழலும் பஹாடிக்கு வரும்போது எவ்வளவு இளகிவிடுகின்றன என்பது பிடிபட்டது. ஷஃபிளை அணைத்துவிட்டுக் கேளுங்கள் என்று நான் எல்லாரிடமும் கெஞ்சுவது அதிலிருந்துதான்.

இந்த ஆல்பத்திலிருந்து எனக்கு இரண்டு பாதைகள் பிரிந்தன. ஒன்று கிட்டார் வழி, இன்னொன்று குழல் வழி.

கிட்டார் வழியை முதலில் சொல்கிறேன். காப்ரா கிட்டாரை மடியில் படுக்க வைத்து, தந்தியின்மேல் உலோகத் துண்டை வழுக்கி வாசித்தவர். அதனால் கமகம் குரலில் வருவதுபோல் வளைந்து வரும். இப்படி வாசிப்பவர்கள் வேறு யார் என்று தேடியபோது கிடைத்தவர் விஸ்வமோகன் பட். கிட்டாரின் உடம்பில் கூடுதல் தந்திகள் சேர்த்து, மோகன வீணை என்று பெயரிட்டு வாசிப்பவர். அவரும் அமெரிக்கக் கிட்டார் கலைஞர் ரை கூடரும் சேர்ந்து வாசித்த 'எ மீட்டிங் பை த ரிவர்' 1993இல் வந்தது. கலிபோர்னியாவில் ஒரு சிற்றாலயத்துக்குள் பதிவு செய்தார்கள். பதிவு தொடங்குவதற்குச் சற்று முன்னால்தான் இருவரும் முதல்முறையாக நேரில் சந்தித்துக்கொண்டார்களாம். தபலாவில் சுக்விந்தர் சிங் நாம்தாரி, இன்னொரு தாள வாத்தியத்தில் கூடரின் சிறுவயது மகன் ஜோக்கிம். நாலே ட்ராக், நாற்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இதற்கு 1994இல் கிராமி விருது கிடைத்தது.

இதை எல்லாருக்கும் தயங்காமல் சிபாரிசு செய்வேன். முன்பின் தெரியாத இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் முடிக்கும் இடத்தை இன்னொருவர் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதை ஹெட்போனில் கூர்ந்து கேட்கலாம். கூடர் எந்த இடத்திலும் இந்திய இசை தெரிந்தவர்போல் காட்டிக்கொள்ள முயல்வதில்லை. அவருக்குத் தெரிந்த ப்ளூஸை, அமெரிக்கக் கறுப்பின மக்களிடமிருந்து வந்த அந்த இசையைத்தான் வாசிக்கிறார். எனக்கு அது ரொம்பப் பிடித்த விஷயம். கர்நாடக வயலின் கற்ற தோழி ஒருத்தி, கலப்பு இசை என்றாலே முகம் சுளிப்பவள், இதன் இரண்டாவது ட்ராக்கை மட்டும் கேட்கிறேன் என்று உட்கார்ந்து கடைசிவரை எழுந்திருக்கவில்லை.

கூடரின் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் அடுத்து வருவது 1994இன் 'டாக்கிங் டிம்பக்டு'. மாலி நாட்டின் அலி ஃபர்கா தூரேயுடன் வாசித்தது. தூரேயின் கிட்டாரில் ஒரே சொற்றொடர் சுற்றிச் சுற்றி வரும். முதல் ஐந்து நிமிடம் 'என்ன, ஒன்றும் நடக்கவில்லையே' என்று தோன்றும். விடாமல் கேட்டால் அந்தச் சுழற்சிக்குள் சின்னச் சின்ன மாற்றங்கள் தெரிய ஆரம்பிக்கும், அதற்குப் பிறகு விட மனம் வராது. அவருடைய 1999 ஆல்பமான 'நியாஃபுங்கே' எனக்கு இதைவிட நெருக்கம். நியாஃபுங்கே அவர் வாழ்ந்த ஊர், பதிவு நடந்ததும் அங்கேயேதான். விருந்தாளிகள் யாரும் இல்லாமல் அவர் தன் ஆட்களோடு வாசிப்பதில் ஒரு கூடுதல் உறுதி இருக்கிறது.

அப்புறம் 'புவெனா விஸ்டா சோஷியல் கிளப்', 1997. இதைப் பலர் கேட்டிருப்பீர்கள். இதன் பின்னணி தெரியுமா? 1996இல் ஹவானாவில் மாலி நாட்டு இசைக்கலைஞர்களையும் கியூபக் கலைஞர்களையும் சேர்த்து ஒரு ஆல்பம் செய்வதுதான் திட்டம். மாலியிலிருந்து வரவேண்டியவர்களால் வந்துசேர முடியவில்லை. ஸ்டூடியோ இருக்கிறது, கூடர் வந்துவிட்டார், என்ன செய்வது? கியூபாவின் மூத்த பாடகர்களையும் வாத்தியக்காரர்களையும் தேடிப்பிடித்துக் கூட்டிவந்தார்கள். பாடுவதையே விட்டுவிட்டு ஷூ பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த இப்ராஹிம் ஃபெரர் அப்படித்தான் உள்ளே வந்தார். எழுபதைத் தாண்டிய ரூபேன் கொன்சாலஸ் பியானோவில் உட்கார்ந்தார். அவரிடம் அப்போது சொந்தப் பியானோகூட இல்லை. ஆறு நாளில் பதிவு முடிந்தது.

ஆல்பத்தில் எல்லாரும் முதல் பாட்டைப் புகழ்வார்கள். சரிதான், ஆனால் நீங்கள் அந்தப் பியானோவைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதே ஸ்டூடியோவில் உடனடியாகப் பதிவான 'இன்ட்ரொடியூசிங் ரூபேன் கொன்சாலஸ்' என்ற ஆல்பத்தில் பேச்சே கிடையாது, பெரும்பாலும் விரல்கள்தான். அவ்வளவு வயதில் அந்தக் கைகளில் இருக்கும் குறும்பைக் கேட்கும்போது எனக்குச் சில இடங்களில் கண் கலங்கிவிடும். மாலியும் கியூபாவும் சேரவேண்டிய அந்தப் பழைய திட்டம் வீணாகவில்லை என்பது இன்னொரு சந்தோஷம். 2010இல் 'ஆஃப்ரோகியூபிசம்' என்ற பெயரில் அது நடந்தேறியது. மாலியின் துமானி ஜபாத்தே வாசிக்கும் கோரா என்ற தந்தி வாத்தியமும் கியூபாவின் எலியாதெஸ் ஒச்சோவாவின் கிட்டாரும் அதில் சேர்ந்து ஒலிக்கும்.

இனி குழல் வழி. ஹரிபிரசாத் சௌராசியாவைத் தொடர்ந்தால் 1988இல் இளையராஜா செய்த 'நத்திங் பட் விண்ட்' வரும். அதிலிருந்து ஒரு படி பின்னால் போனால் 1986இன் 'ஹவ் டு நேம் இட்'. தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கிற்கும் (Bach) காணிக்கையாகச் செய்த ஆல்பம். வயலினில் வி.எஸ்.நரசிம்மன். 'நத்திங் பட் விண்ட்'டைத்தான் பலர் அதிகம் கொண்டாடுகிறார்கள். நான் 'ஹவ் டு நேம் இட்' பக்கம். குழல் ஆல்பத்தில் ஆர்க்கெஸ்ட்ரா சில இடங்களில் குழலுக்கு மெத்தை போடுவதோடு நின்றுவிடுகிறது. 'ஹவ் டு நேம் இட்'டிலோ வயலின்கள் ஒன்றையொன்று துரத்துகின்றன, கேள்வி கேட்கின்றன, பதிலை வேறு பக்கம் திருப்புகின்றன. இதை முதல் தடவை கேட்கும்போது மேல் வயலினை மட்டும் பின்தொடராதீர்கள். ஒரு தடவை முழுக்கக் கீழே போகும் பேஸையும் செல்லோவையும் மட்டும் கேளுங்கள். வேறு ஆல்பம் ஒன்று கேட்ட மாதிரி இருக்கும்.

பாக் பெயர் வந்துவிட்டதால் அடுத்து அவரிடமே போனேன். என்னிடம் யோசனை கேட்டால் நேராகக் கனடாவின் பியானோ கலைஞர் கிளென் கூல்ட் வாசித்த பாக்கின் 'கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்' என்பேன், அதுவும் இரண்டு பதிவுகளையும். 1955இல் 22 வயதில் நியூயார்க்கின் 30ஆவது தெரு ஸ்டூடியோவில் வாசித்தது முதலாவது. சுமார் 38 நிமிடத்தில் பறந்து முடித்துவிடுவார். 1981இல் அதே ஸ்டூடியோவுக்குத் திரும்பிவந்து அதே இசையை மறுபடி வாசித்தார். இந்த முறை 51 நிமிடம். அந்த ஆல்பம் வெளிவந்த கொஞ்ச நாளில், 1982 அக்டோபரில், அவர் காலமானார். இரண்டிலும் அவர் வாசித்துக்கொண்டே முணுமுணுப்பது கேட்கும். சிலருக்கு அது எரிச்சல். எனக்கு அது இல்லாமல் கேட்டால் ஏதோ குறைகிறது.

இரண்டையும் முழுதாக ஒப்பிட நேரமில்லை என்றால், தொடக்கத்தில் 'ஏரியா' (Aria) என்ற பெயரில் வரும் மெட்டை மட்டும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். 1955இன் இளைஞன் இரண்டு நிமிடத்துக்குள் சொன்னதை 1981இன் கூல்ட் மூன்று நிமிடத்துக்கு மேல் எடுத்துச் சொல்கிறார். மெட்டல் ராக் இசை தவிர வேறெதையும் தொடாத நண்பன் ஒருவனுக்கு 1955 பதிவைக் கொடுத்தேன். அவன் சொன்ன முதல் வார்த்தை: "இவன் டிரம்மர்டா!" அந்த இடது கையின் தாளத்தைப் பாக் ரசிகர்கள் எத்தனையோ பேர் கவனிக்காமல் விடுகிறார்கள். அவன் ஒரே மூச்சில் பிடித்துவிட்டான். ஒருவருக்கு என்ன பிடிக்கும் என்பதை அவர் கேட்கும் இசை வகையை வைத்துத் தீர்மானிக்காதீர்கள் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். அந்த இசையில் அவர் எதைத் தேடுகிறார் என்று கேளுங்கள். தாளமா, குரலா, ஒலியின் கனமா என்று தெரிந்துவிட்டால் சிபாரிசு அநேகமாகத் தப்பாது.

கூல்ட் வாசித்த அந்த 30ஆவது தெரு ஸ்டூடியோ முன்பு தேவாலயமாக இருந்த கட்டடம். 1959இல் ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வும் அங்கேதான் பதிவானது, மார்ச் 2, ஏப்ரல் 22 என்று இரண்டே நாள்களில். ஜாஸ் புதிதாகக் கேட்பவர்களுக்கு எல்லாரும் இதையே சொல்கிறார்கள் என்றாலும் நானும் இதையேதான் சொல்வேன். ஒரு தகவல் மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். முதல் நாள் பதிவில் டேப் இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியதால், எல்பி இசைத்தட்டின் முதல் பக்கம் பல வருடங்களுக்குச் சற்றே வேகமாகவும் சுருதி உயர்ந்தும் ஒலித்தது. 1992இல் வந்த மறுவெளியீட்டில்தான் சரிசெய்தார்கள். பழைய எல்பியும் புதிய பதிப்பும் வைத்திருப்பவர்கள் முதல் ட்ராக்கை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அந்த ஆல்பத்தில் ஒரு ட்ராக் தவிர மற்றதிலெல்லாம் பியானோ பில் எவன்ஸ். அவரைத் தொடர்ந்தால் 'வால்ட்ஸ் ஃபார் டெபி'. 1961 ஜூன் 25 அன்று நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்டில் நேரடியாகப் பதிவானது. பேச்சும் கண்ணாடிக் கோப்பைகளின் ஒலியும் பின்னால் கேட்கும். பேஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோ பதினோரு நாள் கழித்துக் கார் விபத்தில் இறந்துபோனார், வயது 25. அது தெரிந்த பிறகு அந்த பேஸை என்னால் சாதாரணமாகக் கேட்க முடிவதில்லை.

மைல்ஸோடு பின்னாளில் கிட்டார் வாசித்தவர் ஜான் மெக்லாஃப்லின். அவரை அநேகருக்கு 'சக்தி' குழுவால் தெரியும். எல்.சங்கர், ஜாகிர் ஹுசேன், கடம் விநாயக்ராம் ஆகியோருடன் எழுபதுகளில் அவர் செய்தவற்றில் 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி' என் தேர்வு. 2023இல் வந்த 'திஸ் மொமென்ட்'டில் விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் வாசிக்கிறார். 2024இல் அது கிராமி வாங்கியது, அந்த வருட டிசம்பரிலேயே ஜாகிர் காலமாகிவிட்டார். அவருடைய தபலாவை அமைதியான சூழலில் கேட்க விரும்பினால் 1987இன் 'மேக்கிங் மியூசிக்' இருக்கிறது. ஜாகிர், மெக்லாஃப்லின், நான் தொடங்கிய அதே ஹரிபிரசாத், அவர்களோடு நார்வேயின் சாக்ஸபோன் கலைஞர் யான் கார்பாரெக். நான்கு பேரும் ஒருவர்மேல் ஒருவர் விழாமல் இடம்விட்டு வாசிப்பார்கள்.

அந்த நாலாவது பெயர்தான் இப்போது என்னைப் பிடித்திருக்கிறது. கார்பாரெக்கின் 'ஆஃபீஷியம்', 1994. ஹில்லியர்ட் ஆன்சாம்பிள் என்ற நான்கு ஆண் குரல்கள் பழைய லத்தீன் தேவாலயப் பாடல்களைப் பாட, அவற்றின் மேல் சாக்ஸபோன் கற்பனையாக நகர்கிறது. ஆஸ்திரியாவில் ஒரு மடாலயத்தில் பதிவானது. முதல் ட்ராக்காக வரும் கிறிஸ்டோபால் டி மொராலெஸின் பாடலே ஆல்பத்தின் கடைசியிலும் வருகிறது. இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. சில இடங்களில் சாக்ஸபோன் குரல்களைத் தூக்கிவிடுகிறது, சில இடங்களில் மூடிவிடுகிறதோ என்று தோன்றுகிறது. மொராலெஸின் பாடல்களைக் குரல்கள் மட்டும் பாடி வந்த நல்ல ஆல்பம் உங்களில் யாராவது கேட்டிருந்தால் சொல்லுங்கள், அடுத்து அதைத்தான் கேட்கப்போகிறேன்.