இன்டர்வியூல சேஃப்டி, எதிக்ஸ் கேள்வி வந்தா என்ன சொல்லலாம்

வெளிநாட்டுல வேர்ஹவுஸ், ஃபேக்டரி, கேர் ஹோம் (முதியோர் இல்லம்)னு புதுசா அப்ளை பண்றவங்க நிறைய பேர் வேலை பத்தின கேள்விக்கெல்லாம் நல்லா சொல்லிட்டு, "சூப்பர்வைசர் சேஃப்டி ரூலை விட்டுட்டு சீக்கிரம் முடிங்கன்னா என்ன பண்ணுவீங்க"ங்கற கேள்வில கோட்டை விடறாங்க. "பெரியவங்க சொன்னா செஞ்சுடுவேன் சார், எவ்வளவு கஷ்டம்னாலும் அட்ஜஸ்ட் பண்ணிப்பேன்"னு பணிவா சொல்றோம், நமக்கு அது நல்ல பதிலா படுது, ஆனா எதிர்ல இருக்கறவருக்கு இந்த ஆளு நாளைக்கே ஓடற மெஷின்ல கைய விடுவார்னுதான் கேக்கும். இதுல போய் வேலை கை நழுவறது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு, அதான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

முதல்ல ஒன்னு தெரிஞ்சுக்குங்க, ஆபத்தான வேலைய மறுக்கறது இந்த நாடுகள்ல திமிர் கிடையாது, சட்டமே குடுக்கற உரிமை. கனடால ஒன்டாரியோல மறுத்தா உடனே சூப்பர்வைசர்ட்ட சொல்லணும், விசாரிச்சு முடிக்கற வரைக்கும் பத்திரமான இடத்துல இருக்கணும். ஆஸ்திரேலியால பெரும்பாலான மாநிலங்கள் எடுத்துக்கிட்ட 2011 மாடல் வேலைப் பாதுகாப்பு சட்டத்துலயும் இந்த உரிமை உண்டு, ஆனா வேலைய நிறுத்தினதை சீக்கிரம் சொல்லணும், பொருத்தமான வேற வேலை குடுத்தா செய்யத் தயாரா இருக்கணும். பிரிட்டன்ல 1974 வேலைப் பாதுகாப்பு சட்டம் நம்ம மேலயே கடமை வைக்குது, உங்களையும் நீங்க செய்யறதால பாதிக்கப்படக்கூடிய மத்தவங்களையும் கவனமா பாத்துக்கணும்னு.

நிறுத்தறது, சொல்றது, வேற வேலைக்குத் தயாரா இருக்கறது, பதிலும் இதே வரிசைலதான் வரணும். மெஷின் ஜாம் ஆகிடுச்சு, லாக்அவுட் (கரன்ட் கட் பண்ணி, யாரும் திரும்ப ஆன் பண்ணாதபடி பூட்டு போடறது) பண்ணாம எடுங்கன்னு சொல்றாங்கன்னு வைங்க. "நான் நிறுத்திடுவேன், கரன்ட் கட் பண்ணி லாக் போடாம கை வைக்கமாட்டேன்னு மரியாதையா சொல்லுவேன், அதுவரைக்கும் வேற வேலை இருந்தா பாக்கறேன்னு கேப்பேன், அப்பவும் வற்புறுத்தினா சேஃப்டி ஆபீசர்ட்ட சொல்லி எழுத்துல பதிவு பண்ணுவேன்". இவ்வளவு போதும், சண்டை போடற தொனி வேண்டாம்.

சேஃப்டின்னாலே ஹெல்மெட், கிளவுஸ்னு ஆரம்பிக்காதீங்க ப்ளீஸ். அது கடைசி தடுப்பு. ஆபத்தையே எடுத்துட முடியுமா, வேற பொருள் மாத்தலாமா, மெஷினுக்கு பாதுகாப்பு மூடி போடலாமா, வேலை செய்யற முறைய மாத்தலாமா, இதெல்லாம் பாத்துட்டுத்தான் கிளவுஸ். இந்த வரிசைய ஒரு உதாரணத்தோட சொன்னாலே விஷயம் தெரிஞ்சவர்னு புரிஞ்சுக்குவாங்க.

"எங்க இடத்துல ஆக்சிடென்ட்டே நடந்ததில்ல"ன்னு மட்டும் சொல்லி நிறுத்தாதீங்க, கவனிக்கற பழக்கமே இல்லையோன்னு தோணும். யாருக்கும் அடிபடாம தப்பிச்ச ஒரு நியர் மிஸ் போதும், தரைல ஆயில் சிந்திக் கிடந்தத பாத்து நீங்க தடுப்பு வெச்சு ரிப்போர்ட் பண்ணினதா இருந்தாலும் சரி. கதைய இழுக்காம உங்க பங்கையும் அதுக்கப்புறம் என்ன மாறுச்சுங்கறதையும் சொல்லுங்க. நடக்காதத இட்டுக்கட்டாதீங்க, ரெண்டாவது துணைக் கேள்விலயே தெரிஞ்சுடும். அப்படி அனுபவம் இல்லன்னா "எனக்கு அந்த நிலைமை வந்ததில்ல, வந்தா இப்படிப் பண்ணுவேன்"னு நேரா சொல்லலாம்.

கேர் ஹோம் இன்டர்வியூ போற தங்கச்சி கேட்டிருந்தாங்க, கூட வேலை செய்யறவங்க மாத்திரை மாத்திக் குடுத்துட்டு யார்ட்டயும் சொல்லாதேன்னு கெஞ்சினா என்னன்னு. முதல்ல அந்தப் பெரியவரோட உடம்பு, உடனே நர்ஸ்ட்டயோ மேனேஜர்ட்டயோ சொல்லணும், நடந்தத மறைக்காம எழுதணும், நமக்கு வீடு பாத்துக் குடுத்த நம்ம ஊர் அக்காவே ஆனாலும். "நீங்களே சொல்லிடுங்க, நானும் கூட வரேன்"னு அவங்ககிட்ட சொல்லலாம், ஆனா அதுக்காக ரிப்போர்ட்ட தள்ளிப்போடக்கூடாது. நாமளே துப்பறியவும் வேண்டாம், மத்த ஸ்டாஃப்ட்ட பேசவும் வேண்டாம். தங்கச்சி, இன்னொன்னும் கவனிங்க, மறுக்கற உரிமைக்கு கேர் வேலைல வரம்பு உண்டு, ஒன்டாரியோல நீங்க விலகறதால இன்னொருத்தர் உயிருக்கோ உடம்புக்கோ நேரடி ஆபத்துன்னா அத பயன்படுத்த முடியாது. அதனால "நான் செய்யமாட்டேன்"னு மொட்டையா முடிக்காம, ஆளைத் தனியா விடாம உதவி கூப்பிடுவேன்னு சொல்லுங்க.

பழைய கம்பெனி பேரையோ ஆள் பேரையோ போட்டு குறை சொல்லாதீங்க. சொன்ன இன்ஸ்ட்ரக்‌ஷன் புரியலன்னா தலையாட்டாம திருப்பிக் கேப்பேன்னு நீங்களா சொல்லுங்க, புதுசா வந்தவங்க விஷயத்துல கம்பெனிக்காரங்களுக்கு இருக்கற ஒரு பெரிய கவலை அதுதான். கடைசில ஏதாவது கேக்கணுமான்னா, முதல் நாள் சேஃப்டி இன்டக்‌ஷன் எப்படி, நியர் மிஸ் யார்ட்ட சொல்றதுன்னு கேளுங்க. எந்த நாடு, எந்த வேலைன்னு கீழ போடுங்க, அதுக்கேத்த கேள்விகளா பாக்கலாம்.