வீட்டு டீயா, கடை டீயா? அவரவர் அனுபவம்

மதுரை, பள்ளி ஆசிரியை:

எங்கள் வீட்டில் பாலும் தண்ணீரும் பாதிப் பாதி. அதிலேயே டீத்தூள், தட்டிய இஞ்சி, சர்க்கரை எல்லாவற்றையும் போட்டு, பொங்க விட்டு வடிகட்டுவோம். அம்மா அப்படித்தான் போடுவார், நானும் அப்படியே பழகிவிட்டேன். நன்றாகவும் இருக்கும். ஆனாலும் என் கணவர் அதைக் குடித்த அரை மணி நேரத்தில் தெருமுனைக் கடைக்குக் கிளம்பிவிடுவார். கேட்டால், "இது வேற, அது வேற" என்பார். கல்யாணமான புதிதில் அது எனக்கு உண்மையிலேயே மனக்கஷ்டமாக இருந்தது.

என்ன வித்தியாசம் என்று தெரிந்துகொள்ள எனக்கு வாய்ப்பே இருந்ததில்லை. பேருந்து நிலையத்தில் அவசரத்துக்கு வாங்கிக் குடித்திருக்கிறேன், வீட்டுக்குப் பார்சல் வந்திருக்கிறது. சொந்தத் தெருவில் கடை வாசலில் நின்று ஒரு பெண் டீ குடிப்பதை நாங்கள் பார்த்து வளரவில்லை.

2024 நாடாளுமன்றத் தேர்தலில் பக்கத்து ஒன்றியத்தில் ஒரு பள்ளியில் பணி. மாதிரி வாக்குப்பதிவு அதிகாலை ஐந்தரைக்கே ஆரம்பித்துவிடும் என்பதால் ஐந்து மணிக்கு முன்னாடியே, நாங்கள் பெண்களாகச் சேர்ந்து எதிரே இருந்த கடைக்குப் போனோம். பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் ஒன்றும் சொல்லாமல் நகர்ந்து இடம் விட்டார்கள். அந்த டீயில் பாலின் ருசி தனியாகவும் தூளின் ருசி தனியாகவும் நாக்கில் தெரிந்தது. வீட்டில் இரண்டும் கலந்து ஒரே ருசியாகிவிடுகிறது. அதற்குப் பிறகு பள்ளி விட்டதும் எங்கள் ஆசிரியைகள் கூட்டமாக டீக்கடைக்குப் போவது வழக்கமாகிவிட்டது.

அந்த ருசிக்கு மாஸ்டர் என்னதான் செய்கிறார்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திருப்பூர், டீ மாஸ்டர்:

அக்கா, வீட்டுல தூளைப் பாலோட போட்டுக் கொதிக்க விடறீங்க. கடையில தூளு பாலைத் தொடவே தொடாதுங்க. வித்தியாசம் முக்காவாசி அதுல இருக்குது.

பாய்லர்ல தண்ணி எந்நேரமும் தளதளன்னு கிடக்கும். துணிப்பையில தூளைப் போட்டு, அது மேல கொதிக்கிற தண்ணிய ஊத்தி, இறங்கினதை மறுபடி ஒருவாட்டி பை மேலயே ஊத்துவோம். அப்ப டிக்காஷன் நல்லாக் கெட்டியா இறங்கும். கிளாஸ்ல முதல்ல சர்க்கரை, அப்புறம் பால், கடைசியா டிக்காஷன். ஸ்ட்ராங், மீடியம், லைட்டுங்கறது எல்லாமே அந்தக் கடைசிக் கைலதான். ஒவ்வொரு கிளாஸுக்கும் தனித்தனியா அளவு மாத்திக்கலாம். வீட்டுல ஒரே பாத்திரத்துல போட்டா எல்லாருக்கும் ஒரே டீதான்.

அடுத்தது பாலுங்க. கடையில பால் சட்டி சின்னத் தீயில உக்காந்தே இருக்கும், சுண்டச் சுண்ட இனிப்பு ஏறும். எந்தப் பாலுங்கறதும் இருக்குது. ஆவின்ல நீலப் பாக்கெட் கொழுப்பு 3 சதவீதம், பச்சை 4.5, ஆரஞ்சு 6. நீலத்துல பாதித் தண்ணியும் கலந்துட்டு கடை டீ வரலைன்னா எப்படி வரும்? பச்சைப் பாக்கெட் வாங்கி, தண்ணி சேக்காம, பத்து நிமிஷம் சின்னத் தீயில விட்டுப் பாருங்க.

ஆத்தறது கூட்டத்துக்குக் காட்டறதுக்குன்னு நெனைக்கறாங்க. சர்க்கரை கரையணும், பாலும் டிக்காஷனும் நல்லாச் சேரணும், குடிக்கற சூட்டுக்கு வரணும். மூணுக்கும் சேத்துத்தான் ஆத்தறோம். 65 டிகிரிக்கு மேல கொதிக்கக் கொதிக்கக் குடிச்சா உணவுக்குழாய்ப் புத்துநோய் வர வாய்ப்பு இருக்குன்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2016லயே சொல்லியிருக்குது. அதனால ஆத்தாமக் கேக்கறவங்களுக்கும் நான் ரெண்டு ஆத்து ஆத்தித்தான் குடுப்பேன்.

இன்னொன்னு. பையில இருக்கற பழைய தூள் மேலயே புதுத்தூளைப் போட்டுக்கிட்டே போற கடை நிறைய இருக்குது. மத்தியானத்துக்கு மேல டீ கருப்பா, கசப்பா இருக்கும், வாசனை மட்டும் இருக்காது. பையைக் கொட்டி அலசற கடையாப் பாத்துப் போங்க. காலையில முதல் டிக்காஷன்ல போட்ட டீக்கு ஈடு எந்த வீட்டுலயும் இல்லைன்னு நான் அடிச்சுச் சொல்லுவேன்.

குன்னூர்:

மாஸ்டர் சொன்னதோடு தூளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நான் பிறந்து வளர்ந்தது தேயிலைத் தோட்ட லைனில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில். 1964ல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் கையெழுத்திட்ட சிரிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கை மலையகத்திலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. எங்களைப் போல வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசு இங்கே காடு திருத்தித் தேயிலை நட்டது, அதுதான் இப்போது டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்.

கடைகள் வாங்குவது பெரும்பாலும் சி.டி.சி. முறையில் தயாரித்த டஸ்ட் ரகம். இலையைப் பல் உருளைகளுக்கு நடுவில் நசுக்கி, கிழித்து, சுருட்டி எடுப்பார்கள். துகள் சிறியதாக இருப்பதால் கொதிநீர் பட்ட உடனே சாயம் முழுக்க இறங்கிவிடும், பை வழியாக வேகமாக வடிப்பதற்கு அதுதான் பொருத்தம். பெரிய இலைத்தூளை வாங்கி வந்து பால் டீ போட்டு "கடை மாதிரி இல்லையே" என்று குறைப்படுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த இலைக்குத் தேவை கொதிநீரும் மூடி வைத்த நாலைந்து நிமிடமும்தான், பாலே வேண்டாம். எங்கள் வீட்டில் இன்றும் காலையில் முதலில் குடிப்பது பால் ஊற்றாத சாயத்தண்ணிதான். பாட்டி அங்கிருந்து கொண்டுவந்த பழக்கம்.

சுற்றுலா வருகிறவர்கள் ஊட்டிக் கடையில் டீ கொஞ்சம் லேசாக இருக்கிறது என்பார்கள். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கீழே ஊரில் இறங்குகிற அளவுக்குச் சாயம் இறங்க வேண்டுமென்றால் தூளைக் கொஞ்சம் கூட்டிப் போட வேண்டும்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று உதிரித்தூள் வாங்குகிறவர்கள், வெள்ளை வடிதாளை (ஃபில்டர் பேப்பர்) நனைத்து அதன் மேல் தூளைத் தூவிப் பாருங்கள். நல்ல தூள் என்றால் உடனே கறை பிடிக்காது. சாயம் சேர்த்தது பட்டதும் படரும். மலையில் குளிரிலும் அட்டைக்கடியிலும் நின்று பறித்த கொழுந்தில் சாயப்பொடி கலக்கிறவர்கள் மேல் எனக்கு ஆறாத கோபம் உண்டு.

யாழ்ப்பாணம்:

எங்கட பக்கம் தேத்தண்ணி எண்டால் அனேகமா பால் விடாத பிளேன்ரீதான். பனங்கட்டியைக் கடிச்சுக்கொண்டு சுடச்சுடக் குடிக்கிறது. பால்த்தேத்தண்ணிக்குக் கடையிலயும் வீட்டிலயும் பால்மா, அதான் பால் பவுடர்தான் போடுவினம். அதால உங்களிட்ட இருக்கிற அளவுக்கு வீடு, கடை எண்ட வித்தியாசம் எங்களிட்ட இல்லை.

2022 பங்குனியில, நாடு பொருளாதார நெருக்கடியில கிடக்கேக்க, பால்மா விலை ஏறி, கடையில ஒரு பால்த்தேத்தண்ணி நூறு ரூபா ஆச்சு. அதுவும் கிடைச்சால்தான். காஸும் இல்லை, மண்ணெண்ணெயும் இல்லை, விறகு வைச்சுத்தான் தண்ணி கொதிக்க வைச்சம். சந்திக் கடை ஐயா கடையைப் பூட்டேல்லை. பிளேன்ரீ மட்டும் ஊத்திக்கொண்டிருந்தார். எண்ணெய்க்கு லைனில நிண்ட சனத்துக்கு அந்த ஒரு கிளாஸ் எவ்வளவு பெரிய தெம்பு எண்டு நிண்டவைக்குத்தான் தெரியும். வீட்டில தேயிலை இருந்தும் நான் அங்க போய்க் குடிச்சனான், நாலு பேரோட கதைக்க.

மதுரை, பள்ளி ஆசிரியை:

மாஸ்டர், நீங்கள் சொன்னபடியே போட்டுப் பார்த்தேன். பாலைத் தனியாகச் சுண்டவைத்து, டிக்காஷன் தனியாக இறக்கி, கடைசியில் கலந்தேன். ருசி நன்றாகவே மாறியிருக்கிறது. ஆனால் மேலே எண்ணெய்ப் படலம் போல ஏதோ மிதக்கிறது. போர்வெல் தண்ணீர்தான் எங்களுக்கு.

திருப்பூர், டீ மாஸ்டர்:

அது உப்புத் தண்ணியோட வேலைங்க. தண்ணியில இருக்கற சுண்ணாம்புச் சத்து தூளோட சாரத்துல சேந்து மேல ஏடு கட்டும், நிறமும் மங்கும். டீக்கு மட்டும் நல்ல தண்ணி புடிச்சு வெச்சுக்குங்க. பார்சல் வாங்கினா தூக்குவாளி கொண்டுபோங்க. 2019 ஜனவரியிலிருந்து தடை இருக்குது, இருந்தாலும் பிளாஸ்டிக் கவர்ல கொதிக்கற டீய ஊத்தித் தர்ற கடை இன்னும் இருக்குது.

தென்காசி பக்கம்:

எல்லாரும் ருசியப் பத்திச் சொல்லிட்டிங்க. எங்க தெருவுக்கு வீட்டு டீ வந்த கதை வேற.

எங்க தாத்தாவுக்கு ஊர்க்கடையில செரட்டையிலதான் ஊத்துவாங்க. அப்பா காலத்துல தனி கிளாஸ் வந்திச்சு. வெளியில கூரையில செருகியிருக்கும். நாமளே எடுத்து, நாமளே கழுவி, குடிச்சிட்டு மறுபடியும் கழுவி அங்கயே வைக்கணும். காசைக் கையில வாங்க மாட்டாங்க. தீண்டாமை அரசியல் சட்டப்படி குற்றம், 1955லயே அதுக்குத் தனிச் சட்டமும் வந்தாச்சு. எங்க ஊருக் கூரையில அந்த கிளாஸ் அதுக்கப்புறமும் பல வருஷம் இருந்திச்சு.

அப்பா வாலிபத்துல ஒரு நாள் அந்த கிளாஸை எடுக்க மாட்டேன்னுட்டு வந்துட்டாவ. அதுக்கப்புறம் அந்தக் கடைக்குப் போகல. வீட்டுல அடுப்புல பெரிய சட்டிய வச்சு, கருப்பட்டி தட்டிப் போட்டு, வேலைக்குப் போற எங்க தெரு ஆளுகளுக்கு விடியக்காலம் டீ ஊத்திக் குடுத்தாவ. பால் இருந்தா பால், இல்லன்னா வெறும் டீ. எல்லாருக்கும் ஒரே மாதிரி எவர்சில்வர் தம்ளர். டிக்காஷன் தனியா இறக்குனாவளா, தண்ணி நல்ல தண்ணியாங்கிறதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் குடிச்சதுல அதுக்கு மேல ஒரு டீ கிடையாது.

பேப்பர் கப் வந்ததும் எல்லாருக்கும் ஒண்ணுதானன்னு சிலர் சொன்னாங்க. எங்க தெரு ஆளுக்குப் பேப்பர் கப்பும் மத்தவங்களுக்குக் கண்ணாடி கிளாஸும் நீட்டுற கடையை அதுக்கப்புறமும் நான் பாத்திருக்கேன்.

இப்பம் சென்னையில இருக்கேன், தினமும் கடையில டீ குடிக்கேன். பெஞ்சுல உக்காந்து, கண்ணாடி கிளாஸ்ல கேட்டு வாங்கிக் குடிக்கேன். புது ஊருக்குப் போனா, பக்கத்துல நிக்கிறவருக்கு எதுல ஊத்துறாங்கன்னு பாத்துட்டுத்தான் டீ சொல்லுவேன்.