பொறி தவறலா, எரிதப்பா?

மதிப்பிற்குரிய ஐயாவுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

ஓடும் எஞ்சினில் ஓர் உருளை (சிலிண்டர்) தன் முறை வரும்போது எரியாமல் விட்டுவிடுவதை ஆங்கிலத்தில் மிஸ்ஃபயர் என்கிறார்கள். அதற்கு ஐயா முன்மொழிந்த 'பொறி தவறல்' சொல்ல எளிதாகவும் காதுக்கு இனிதாகவும் இருந்தாலும், அதைப் பாடக்குறிப்பில் சேர்க்க என் மனம் ஒப்பவில்லை.

பொறி என்பது தீப்பொறியை மட்டுமன்றி இயந்திரத்தையும் குறிக்கும் என்பது சிறிய தடைதான். எஞ்சினை எஞ்சின் என்றே எழுதிவிட்டால் அது தீர்ந்துவிடும். பெரிய தடை, அச்சொல் நோயின் பெயராக நில்லாமல் காரணத்தையும் முன்கூட்டியே தீர்ப்பளித்துவிடுகிறது என்பது.

சென்ற மாதம் நம் மொரீஷியஸ் தீவின் க்யூர்பீப்பிலிருந்து ஒரு கார் வந்தது. அந்த ஊரின் ஓயாத மழையையும் ஈரத்தையும் நினைத்து, மின்கசிவாகத்தான் இருக்கும் என்று எண்ணினேன். எஞ்சினின் பழுதுக் குறியீட்டைப் படிக்கும் கருவி பி 0302 என்று காட்டியது. அதாவது இரண்டாம் உருளை எரியவில்லை. நம் தீவின் பட்டறைகளில் 'பொபீன்' எனப்படும், பொறிக்கு மின்சாரம் தரும் சுருளைக் கழற்றி நான்காம் உருளைக்கு மாற்றினேன். சுருளில் பழுதிருந்தால் குறியீடும் அதனுடன் நகர்ந்து பி 0304 ஆகியிருக்க வேண்டும், ஆகவில்லை. பொறியை உண்டாக்கும் 'பூஜி'யை (ஸ்பார்க் பிளக்) கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன்: வெள்ளைப் பீங்கானில் மின்சாரம் கசிந்து ஓடிய கரிக்கோடு இல்லை, முனைகளின் இடைவெளியும் சரியாக இருந்தது. எரிபொருள் தெளிப்பானை இடம் மாற்றியும் பயனில்லை. கடைசியாக அழுத்தமானியை வைத்தபோது மற்ற மூன்று உருளைகளும் 12 பார் காட்ட, இரண்டாவது 7-ஐத் தாண்டவில்லை. வால்வு தீய்ந்திருந்தது. பொறி ஒருமுறைகூடத் தவறவில்லை. 'பொறி தவறல்' என்று படித்த மாணவர் முதலில் புதிய பூஜியும் பொபீனும் வாங்கியிருப்பார்.

பிரெஞ்சு மொழியிலும் இதே சிக்கல் உண்டு. 'ராத்தே தலுமாஜ்' பற்றவைப்பைக் குறை சொல்கிறது. 'ராத்தே த கொம்புஸ்தியோன்' எரிதல் நிகழவில்லை என்பதோடு நின்றுகொள்கிறது. நாம் இரண்டாவதன் வழியில் செல்வதே நேர்மையானது.

ஆகவே 'எரிதப்பு' என்ற சொல்லை முன்வைக்கிறேன். மழை தப்பியது, பருவம் தப்பியது, தாளம் தப்பியது என்கிறோம் அல்லவா? உரிய வேளையில் வர வேண்டியது வராமற்போவதைத்தான் அங்கே 'தப்பு' சொல்கிறது. நான்கு உருளைகளும் முறை வைத்து எரியும் எஞ்சினில் ஒன்று வெறுமனே கடந்து போகும்போது காதில் விழுவதும் தாளம் தப்பிய ஓசையேயாகும். வினையாகவும் இது இயல்பாக வளைகிறது: 'இரண்டாம் உருளை எரி தப்புகிறது.' எரிதவறல் என்றும் சொல்லலாம். ஆனால் அதில் 'தவறு' மேலோங்கி, யாரோ பிழை செய்ததுபோல் ஒலிக்கிறது.

பொறியே வராத நிலைக்குத் தனியே 'பொறியின்மை' என வைத்துக்கொண்டால் பாடக்குறிப்பில் இப்படி எழுத முடியும்: 'எரிதப்பு காணப்படும் உருளையில் முதலில் பொறியின்மையைச் சோதிக்க, பொறி இருப்பின் எரிபொருளையும், அதன்பின் அழுத்தத்தையும் சோதிக்க.'

எந்த உருளை என்று நிலையாக இல்லாமல் மாறி மாறி நிகழ்வதைக் காட்டும் பி 0300-க்கு 'அலையும் எரிதப்பு' என்று எழுதி வைத்திருக்கிறேன். 'அலையும்' என்ற அடை பொருந்துமா என்பதை ஐயா பார்த்துச் சொல்ல வேண்டும்.