சனிக்கிழமை ஆக்ஸ்ஃபோர்டா கேம்பிரிட்ஜா? (கும்மோணம் ஃபேமிலி குரூப்)

ப்ரியா: அப்பா, அம்மா, நீங்க இங்க லண்டன்ல என்கூட இருக்கறப்ப எனக்கு சனிக்கிழமை ஒரு நாள்தான் லீவு. ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் ரெண்டுல ஒண்ணுதான் முடியும். ரெண்டு ஊருக்கும் நடுவுல நேர் ட்ரெயின் கெடையாது, திரும்ப லண்டன் வந்துதான் போகணும். ராத்திரிக்குள்ள சொல்லுங்க டிக்கெட் போடணும்

சித்தப்பா: இதுல என்ன கேள்வி. கேம்பிரிட்ஜ்தான். நம்ம வீட்லேந்து நாலு தெரு தள்ளி சாரங்கபாணி சன்னதித் தெருவுல வளந்த பய, இங்க காலேஜ்ல கணக்கைத் தவிர எதையும் தொடாம எஃப்.ஏ. (அந்தக் காலத்து இன்டர்மீடியட்) கோட்டை விட்டவன், 1914-ல அங்க ட்ரினிட்டி காலேஜுக்குப் போறான், நாலே வருஷத்துல எஃப்.ஆர்.எஸ்., ராயல் சொசைட்டி ஃபெல்லோ. அண்ணே, ராமானுஜன் இருந்த எடத்தப் பாக்காம வந்தீன்னா ஊருக்குள்ள விட மாட்டோம் பாத்துக்க

அம்மா: நம்ம கவர்ன்மென்ட் காலேஜையே தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜுன்னுதான சொல்லுவாங்க. அத தெனம் பஸ்ல போறப்ப பாத்தாச்சு

கார்த்தி: 😂😂 அம்மா ஒரே போடு

அப்பா: ஆக்ஸ்ஃபோர்ட். திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஜி.யு.போப் கல்லறை அங்கதான் இருக்கு.

அப்பா: 'இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்' என்று பொறித்த கல். முப்பத்தாறு வருஷம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

ப்ரியா: அப்பா கோவிச்சுக்காதீங்க, போன வருஷம் ஃப்ரெண்ட்ஸோட போனப்ப நான் அத தேடிப் போய்ப் பாத்தேன். வால்டன் ஸ்ட்ரீட்ல ரெண்டு கட்டடத்துக்கு நடுவுல ஒரு சந்து, உள்ள போனா செயின்ட் செபல்கர்ஸ்னு பழைய கல்லறைத் தோட்டம், பாதி கல்லு சாஞ்சு கெடக்கு புல்லு மண்டிப் போய். போப் கல்லறை இருக்கு, ஆனா தமிழ் மாணவன்னு ஒரு வரி அதுல இல்லப்பா. குடும்பமும் தென்னிந்தியாவுல உள்ள தமிழ் நண்பர்களும் சேந்து வெச்ச கல்லுன்னு இங்கிலீஷ்ல இருக்கு

கார்த்தி: ஐயோ எங்க தமிழ் சாரும் அப்படித்தான் சொன்னாரு

சித்தப்பா: பாத்தியா அண்ணே. இல்லாத கல்வெட்டுக்கு எதுக்கு ட்ரெயின் சார்ஜ். கேம்பிரிட்ஜுல ராமானுஜன் கதைல வர்ற 1729 நம்பர் டாக்ஸி நின்ன எடத்தையாவது பாக்கலாம்

கார்த்தி: சித்தப்பா அது கேம்பிரிட்ஜ் இல்ல. ராமானுஜன் ஒடம்பு முடியாம லண்டன்ல புட்னில படுத்திருந்தப்ப கேம்பிரிட்ஜ் கணக்கு வாத்தியார் ஹார்டி பாக்க வந்த டாக்ஸி 😄 அப்புறம் இன்னொண்ணு, கேம்பிரிட்ஜே ஆக்ஸ்ஃபோர்ட்லேந்து ஓடிப்போனவங்க 1209-ல ஆரம்பிச்சதுதான். ஊர்க்காரங்களோட தகராறுல படிக்கிற பசங்க சில பேர தூக்குல போட்டுட்டாங்க, மிச்சவங்க மூட்டையைக் கட்டிட்டாங்க

சித்தப்பா: நீ ரொம்ப படிச்சிட்டடா

ப்ரியா: என்னைக் கேட்டா அழகுன்னு பாத்தா கேம்பிரிட்ஜ்தான். காலேஜுங்களுக்குப் பின்னாடியே ஆறு ஓடும், நீளக் கழிய ஊணி படகு தள்ளுவாங்க, ஊருக்கு நடுவுல மாடு மேயும். கிங்ஸ் காலேஜ் சாப்பல்ல அண்ணாந்து பாத்தா கூரை பூரா கல்லுலயே விசிறி விரிச்ச மாதிரி இருக்கும், 1446-ல ஆரம்பிச்சு 1515-லதான் கட்டி முடிச்சாங்க. ஆனா இப்ப பரீட்சை டைம், நெறைய காலேஜ்ல வெளியாளுங்கள விட மாட்டாங்க, ராமானுஜன் தங்குன பக்கம்லாம் கேட்டுக்கு வெளிய நின்னு பாக்குறதோட சரி. ஸ்டேஷன்லேந்து ஊருக்குள்ள போகவே அரை மணி நடை, இல்லன்னா பஸ்ஸு. அம்மா முட்டிய நெனச்சுக்குங்க

அம்மா: என் முட்டியப் பத்தி குரூப்ல எதுக்கு

அம்மா: நம்ம சுந்தரப்பெருமாள்கோயில்லேந்து போன ஆழ்வார் சிலை எங்க இருக்குன்னு போட்டான் பேப்பர்ல, ஆக்ஸ்ஃபோர்ட்தான?

ப்ரியா: ஆமாம்மா, திருமங்கையாழ்வார். அங்க ஆஷ்மோலியன் மியூசியம் 1967-ல ஏலத்துல வாங்குனது. திருப்பிக் குடுக்க யுனிவர்சிட்டி 2024-ல ஒத்துக்கிச்சு. ஊருக்குத் திரும்புறவர தேடி நீங்க இங்க போறது சரிப்படாது 😀 ஆனா மியூசியம் ஃப்ரீ, உக்கார பெஞ்சு இருக்கு, டீ கெடைக்கும்

கார்த்தி: அப்பா எங்க சத்தத்தக் காணும்

சித்தப்பா: கோவம் வந்துருச்சு போல. அண்ணே சும்மா சொன்னேன்

(ஒரு மணி நேரம் கழிச்சு)

அப்பா: கோபம் ஒன்றுமில்லை. மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். இந்த ஊர் வெயிலை நம்ப முடியவில்லை.

அப்பா: போப் என்கிற அந்த மனுஷர் நம்ம தஞ்சாவூரில் இருந்தவர். வயதான காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டே 1886-ல் திருக்குறள், 1893-ல் நாலடியார், 1900-ல் எண்பது வயதில் திருவாசகம் மொழிபெயர்த்து வெளியிட்டார். எண்பது வயதில்! எனக்கு எழுபதில் கண்ணாடி எங்கே வைத்தேன் என்று தெரிவதில்லை. கல்லில் என்னதான் எழுதியிருக்கிறது என்று நானே படித்துவிட்டு வருகிறேன். பசங்களுக்குத் தப்பாகச் சொல்லிவிட்டேன், சரியாகவாவது தெரிந்துகொள்ள வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டே போடும்மா.

ப்ரியா: சரிப்பா. பேடிங்டன்லேந்து 9 மணி வண்டி. ஸ்டேஷன்லேந்து கல்லறைக்கு நடந்தே போயிடலாம், அம்மாவுக்கு நடுவுல ஒரு காபி

அம்மா: காபிக்கு அவ்ளோ காசு குடுக்க வேண்டாம் ஃப்ளாஸ்க்ல எடுத்துக்கறேன்

அம்மா: பூ எங்க கெடைக்கும்? வெறுங்கையோட எப்படிப் போறது

சித்தப்பா: அப்ப கேம்பிரிட்ஜ் என்னாச்சு? நான் இவ்ளோ நேரம் கத்துனது?

கார்த்தி: சித்தப்பா நீங்க மொதல்ல பாஸ்போர்ட் எடுங்க