சீமெந்துத் தொழிற்சாலையில் மிஞ்சியிருப்பவை

அன்புள்ள ஊர் உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில் இருக்கும் நம் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் இனி என்னதான் இருக்கிறது என்று ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா ஒருவர் கேட்டிருந்தார். ஊருக்குப் போயிருந்தபோது உரிய அனுமதியோடு உள்ளே சென்று பார்த்தேன். அவருக்கு மட்டும் பதில் எழுதுவதைவிட எல்லோருக்குமாகவே எழுதுகிறேன்.

சூளைகள் இல்லை. முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அவை அப்படியே நிற்பதாக நம்மில் பலர் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். இரும்பு என்று சொல்லத்தக்கதெல்லாம் அறுத்து எடுக்கப்பட்டுவிட்டது. இயந்திரங்களைத் தாங்கிய அடித்தளங்களில் மரையாணிகள் மட்டும் வெட்டுண்டு, உருகி வழிந்த நுனிகளோடு துருவேறி நிற்கின்றன. கூரை போன மண்டபங்களுக்குள் ஆலங்கன்றுகள் சுவரைப் பிளந்துகொண்டு வளர்ந்திருக்கின்றன.

ஒரு மூலையில் சீமெந்துப் பைகள் அடுக்கியபடியே கல்லாகிக் கிடக்கின்றன. கடதாசி உக்கிப் போய்விட்டது. ஆனால் பையின் மடிப்பும், வாய்ப்பக்கத்துச் சுருக்கமும், மேலே கிடந்த பை அமுக்கிய குழிவும் கல்லில் அச்சாகப் பதிந்திருக்கின்றன. 1990 யூனில் போரால் சனம் கையில் அகப்பட்டதோடு வெளியேறியபோது லொறி ஏறாமல் நின்றுவிட்டவையாக இருக்கலாம். அந்த இடத்தில் நெடுநேரம் நின்றேன்.

1950இல் தொடங்கிய தொழிற்சாலை இது. கைத்தொழில் அமைச்சராக இருந்த ஜி.ஜி. பொன்னம்பலத்தின் காலத்தில் வந்தது. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையையும் வாழைச்சேனைக் காகித ஆலையையும் இதோடு சேர்த்துச் சொல்லுவார்கள். சுண்ணாம்புக்கல் நம் காலடியிலேயே கிடந்தது. களிமண் மன்னார்ப் பக்கத்து முருங்கனிலிருந்து ரயிலில் வந்தது. இரண்டையும் சேர்த்து அரைத்து, ஏறத்தாழ 1450 பாகை வெப்பத்தில் சுட்டால் கரும்பச்சை உருண்டைகளாகக் கிளிங்கர் விழும். அதை ஜிப்சத்தோடு அரைத்தால் சீமெந்து. இங்கே சுட்ட கிளிங்கர் காலிவரை போய் அங்கே அரைபட்டது. நாட்டின் தென்கோடியில் எழுந்த வீடுகளிலும் நம் ஊர்க் கல் இருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

என் தந்தையார் சூளைப் பக்கம் வேலை செய்தவர். நீலக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்து, சுடரின் நிறத்தையும் கல் புரளும் விதத்தையும் கொண்டே சூடு போதுமா என்று சொல்லிவிடுவார்கள் என்பார். அளவு காட்டும் கருவிகள் இருந்தும், அனுபவப்பட்ட கண்ணுக்குத்தான் அங்கே மதிப்பு. அப்படிப்பட்ட கண்கள் நம் ஊர்ச் சங்கத்தில் இன்னும் சில இருக்கின்றன. 1990இல் இருபத்தைந்து வயதில் வேலைக்கு இருந்தவருக்கே இன்று அறுபது ஆகிவிட்டது. எனக்குக் கட்டடத்தைவிட இதுதான் கவலை.

2025 வரவுசெலவுத் திட்டத்தில் காங்கேசன்துறை, மாங்குளம், பரந்தன் ஆகிய மூன்று இடங்களுக்கும் கைத்தொழில் வலயங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. வரட்டும். 2015 ஜனவரியில் யாழ்தேவி ரயில் மறுபடி காங்கேசன்துறைக்கு வந்தது, 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்திலிருந்து கப்பலும் வந்தது. ஊரில் வேலை இல்லாமல் பிள்ளைகள் வெளிநாட்டுக்கு வழி தேடும்போது, இடிந்த சுவரைக் காட்டி வேலைவாய்ப்பை மறிக்க நமக்கு உரிமை கிடையாது. ஆனால் சுவர் விழுவதற்கு முன் எது அரைவை மண்டபம், எது பொதி கட்டிய இடம், வேலை நேரத்துக்கு ஊதிய சங்கு எங்கே இருந்தது என்று ஒரு வரைபடமாவது நம் கையில் இருக்க வேண்டும். இப்போது அங்கே நிற்கும் இளைஞர்களுக்கு அது தெரியாது. அவர்கள் பிறந்து வளர்ந்த காலத்தில் அந்தப் பக்கம் சனம் போக முடியாத இராணுவ உயர்பாதுகாப்பு வலயம்.

தூசி தின்றதைத் தவிர நமக்கு என்ன கிடைத்தது என்று ஒரு அக்கா எழுதியிருந்தார். அவர் சொல்வது நியாயம். வாழையிலையிலும் கிணற்றுக்கட்டிலும் சாம்பல் படிந்ததை நானும் கண்டிருக்கிறேன். அந்தத் தூசியையும், மூச்சு முட்டியவர்களையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். சம்பளம் வந்த கதையை மட்டும் எழுதினால் அது பாதி வரலாறு.

கல் அகழ்ந்த பள்ளங்களைப் பற்றி அழுத்திச் சொல்கிறேன். குடாநாட்டுக் கிணறுகள் பெரும்பாலும் இதே சுண்ணாம்புக்கல்லில் ஊறும் நீரை நம்பியிருக்கின்றன. அந்தக் கல்லில் வெடிப்பும் பொந்தும் அதிகம். மேலே கொட்டியது விரைவில் கீழே இறங்கிவிடும். ஆழப்படுத்தினால் கடல் உவர் உள்ளே ஏறும். ஆகவே இடிபாட்டையும் புதிய ஆலைகளின் கழிவையும் அந்தப் பள்ளங்களில் கொட்டக்கூடாது என்று நாம் எழுத்தில் கேட்க வேண்டும். பிறகு கேட்டுப் பயனில்லை.

வீட்டில் பழைய சம்பளத் துண்டு, அடையாள அட்டை, குவாட்டஸ் எனப்பட்ட ஊழியர் குடியிருப்பு வீடுகளின் படம், விளையாட்டு விழாப் படம் எது இருந்தாலும் பிரதி எடுத்து அனுப்புங்கள். படத்தில் நிற்பவர்களின் பெயர் தெரிந்தால் அதையும் எழுதுங்கள். இலண்டனில் இருப்பவர்கள் அங்குள்ள மூத்த தொழிலாளர்களின் பேச்சைப் பதிவு செய்ய முன்வர வேண்டும். பள்ளங்கள் பற்றிய மனுவை வலிகாமம் வடக்குப் பிரதேச சபைக்கு அனுப்பலாம் என்பது என் எண்ணம். வரைவு தயார். அடுத்த மடலில் இணைக்கிறேன், திருத்தித் தாருங்கள்.

அன்புடன்,
உங்கள் சங்க உறுப்பினர்களில் ஒருவன்