பத்தாம் வகுப்புக்குப் பின் வணிகவியல் பிரிவு: மகளைச் சேர்க்கலாமா?

கேள்வி: இரும்புக்கடைக்காரர், விருதுநகர்

அனைவருக்கும் வணக்கம். என் மகள் பத்தாம் வகுப்புத் தேர்வில் 500-க்கு 452 மதிப்பெண் பெற்றிருக்கிறாள். வணிகவியல் பிரிவில்தான் சேர்வேன், பிறகு சி.ஏ. (பட்டயக் கணக்காளர்) படிப்பேன் என்று உறுதியாக இருக்கிறாள். உறவினர்களோ, இவ்வளவு மதிப்பெண் வாங்கிவிட்டு யாராவது காமர்ஸ் குரூப் எடுப்பார்களா என்று கேட்கிறார்கள். நான் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒரு நாட்குறிப்பையும் ஒரு கடன் நோட்டையும் வைத்துக்கொண்டே கடை நடத்துகிறேன். மற்றதை ஆடிட்டர் பார்த்துக்கொள்கிறார். எனவே மூன்று ஐயங்களைக் கேட்கிறேன். இந்தப் பாடங்கள் உண்மையிலேயே தொழிலைக் கற்றுத் தருகின்றனவா, அல்லது மனப்பாடம்தானா? நான்காவது பாடமாக வணிகக் கணிதத்தை எடுப்பதா, கணினிப் பயன்பாடுகளை எடுப்பதா? இதுவரை தமிழ் வழியில் படித்தவள், இனி ஆங்கில வழிக்கு மாற வேண்டுமா?

பதில் 1: ஓய்வுபெற்ற ஆசிரியை, தஞ்சாவூர்

ஐயா, வணக்கம். மேல்நிலை வகுப்புகளுக்கு நீண்ட காலம் கணக்குப்பதிவியல் கற்பித்தவள் நான். உறவினர்களின் பேச்சை நான் பணியில் சேர்ந்த நாளிலிருந்தே கேட்டு வருகிறேன். அதற்குப் பதில் சொல்லி நேரத்தைச் செலவிட வேண்டாம்.

உங்கள் முதல் ஐயம் நியாயமானது. வணிகவியல் பாடத்தை மனப்பாடம் செய்து எழுதிவிட முடியும் என்பது ஓரளவு உண்மைதான். மாற்றுமுறை ஆவணங்கள் என்ற இயலை ஒரு காசோலையைக்கூடக் கையால் தொடாமலே படித்து நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். கணக்குப்பதிவியலில் அந்த வழி செல்லாது. பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப்பதிவியலின் முதல் இயலே உங்கள் கடையைப் பற்றியதுதான் என்றால் வியப்பாக இருக்கும்: முழுமை பெறா பதிவேடுகளிலிருந்து கணக்குகள். ஒவ்வொரு நடவடிக்கையையும் இரு கணக்குகளில் எழுதும் இரட்டைப் பதிவு இல்லாமல் நாட்குறிப்பும் கடன் நோட்டும் மட்டும் வைத்திருக்கும் வணிகர் தம் இலாபத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதே அதில் உள்ள கேள்வி. ஆண்டுத் தொடக்கத்தில் முதல் (மூலதனம்) 5,00,000 ரூபாய், இறுதியில் 5,60,000 ரூபாய் என்று வையுங்கள். வீட்டுச் செலவுக்குக் கல்லாவிலிருந்து எடுத்தது 1,80,000, இடையில் புதிதாகப் போட்டது 40,000 என்றால், இறுதி முதலோடு எடுப்புகளைக் கூட்டி, கூடுதல் முதலையும் தொடக்க முதலையும் கழிக்க வேண்டும். இலாபம் 2,00,000 ரூபாய். முதல் 60,000 ரூபாய்தான் கூடியிருக்கிறது என்று பார்த்து, வியாபாரம் சரியில்லை என்று வருந்தும் கடைக்காரர்கள் பலர், தாங்கள் எடுத்ததைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

தமிழ் வழியில் படிப்பவர்கள் முதலில் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. வீட்டுப் பேச்சில் கைக்கு வரும் பணம் வரவு. பாடநூலிலோ, உள்ளே வருவதைப் பற்று (டெபிட்) வைக்க வேண்டும், வெளியே செல்வதை வரவு (கிரெடிட்) வைக்க வேண்டும் என்பது விதி. நீங்கள் வங்கியில் செலுத்தும் 10,000 ரூபாய் உங்கள் ஏட்டில் வங்கிக் கணக்கின் பற்றுப் பக்கத்தில் ஏறும். அதே தொகை வங்கி தரும் பாஸ்புக்கில் வரவாகத் தெரியும், ஏனெனில் வங்கியின் பார்வையில் அது உங்களுக்குத் திருப்பித் தர வேண்டிய கடன். பதினொன்றாம் வகுப்பில் வரும் வங்கிச் சரிகட்டும் பட்டியல் முழுவதும் இந்த இரு பார்வைகளைப் பொருத்திப் பார்ப்பதுதான். இதைப் புரிந்துகொள்ளாமல் விதியை மட்டும் ஒப்பிக்கும் மாணவர் பிழைத் திருத்தம் என்ற பாடம் வரும்போது கைவிட்டுவிடுவார்.

பதில் 2: ஆர்ட்டிகிள் (சி.ஏ. படிப்பில் ஆடிட்டரிடம் பெறும் பயிற்சி) மாணவர், கோயம்புத்தூர்

இரண்டாவது கேள்விக்கு என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். சி.ஏ. எண்ணம் இருந்தால் தயங்காமல் வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியலை எடுக்கச் சொல்லுங்கள். சி.ஏ.வின் முதல் நிலைத் தேர்வான ஃபவுண்டேஷனில் நான்கு தாள்கள், மொத்தம் 400 மதிப்பெண்கள். ஒவ்வொரு தாளிலும் 40 சதவீதமும் மொத்தத்தில் 50 சதவீதமும் பெற்றால்தான் தேர்ச்சி. மூன்றாம் தாளில் கணிதம், தர்க்கம், புள்ளியியல் ஆகிய மூன்றும் வருகின்றன. அது கொள்குறி வகைத் தாள், தவறான விடை ஒவ்வொன்றுக்கும் கால் மதிப்பெண் குறையும். என்னோடு படித்தவர்களில் கணக்கியலில் கெட்டிக்காரர்களாக இருந்தும் அந்த ஒரு தாளால் இரண்டு மூன்று முறை தேர்வு எழுதியவர்கள் உண்டு. வட்டி, ஒட்டுறவு, நிகழ்தகவு ஆகியவற்றைப் பதினொன்றாம் வகுப்பிலேயே போட்டுப் பழகியவருக்கு அந்தத் தாள் அவ்வளவு அச்சமூட்டாது. கணினிப் பயன்பாடுகள் மோசமான பாடம் அல்ல, ஆனால் டேலி என்ற கணக்கு மென்பொருளைக் கணக்குப்பதிவியல் நூலே அறிமுகம் செய்துவிடுகிறது. மீதியை விடுமுறையில் கற்றுக்கொள்ளலாம்.

பத்தாம் வகுப்பு முடித்த உடனேயே ஃபவுண்டேஷனுக்குப் பதிவு செய்யலாம், ஆனால் தேர்வு எழுதப் பன்னிரண்டாம் வகுப்பை முடித்திருக்க வேண்டும். முன்பு மூன்று ஆண்டுகளாக இருந்த ஆர்ட்டிகிள் பயிற்சி 2023-இல் வந்த புதிய திட்டத்தில் இரண்டு ஆண்டுகளாகக் குறைந்திருக்கிறது.

பதில் 3: வணிகக் கல்வி ஆசிரியர், யாழ்ப்பாணம்

இலங்கையிலிருந்து ஒரு செய்தி. இங்கு மாணவர்கள் சாதாரண தரத்திலேயே (உயர்தரத்துக்கு முந்தைய பள்ளி நிலை) வணிகக் கல்வியும் கணக்கீடும் என்ற பாடத்தைத் தெரிவு செய்யலாம். உயர்தர வணிகப் பிரிவில் கணக்கீடு, வணிகக் கல்வி, பொருளியல் என்று அது விரிகிறது. ஆசிரியை அம்மா குறிப்பிட்ட தடுமாற்றம் எங்களுக்கு வேறு விதமாக வருகிறது. நாங்கள் டெபிட்டை வரவு என்றும் கிரெடிட்டைச் செலவு என்றும் எழுதுகிறோம். தமிழ்நாட்டு நூலில் வரவு என்று இருப்பது எங்களுக்குச் செலவு! நீங்கள் இருப்புநிலைக் குறிப்பு என்பதை நாங்கள் ஐந்தொகை என்கிறோம். மகள் இணையத்தில் தமிழ் விளக்கங்களைத் தேடும்போது அது எந்த நாட்டுப் பாடம் என்று முதலில் பார்த்துக்கொள்ளட்டும். இல்லையென்றால் ஒரே மாலையில் எல்லாப் பதிவுகளும் தலைகீழாகிவிடும்.

பதில் 4: இரும்புக்கடைக்காரர்

மூவருக்கும் மிக்க நன்றி. ஆசிரியை அம்மா எழுதியதைப் படித்துவிட்டு நேற்றிரவு கல்லாவிலிருந்து எடுத்ததை எல்லாம் கூட்டிப் பார்த்தேன். தொகையை இங்கே எழுத மனம் வரவில்லை. வணிகக் கணிதத்தோடு சேர்ப்பது என்று முடிவு செய்துவிட்டோம். பயிற்று மொழியைப் பற்றி மட்டும் யாரும் சொல்லவில்லையே?

பதில் 5: ஓய்வுபெற்ற ஆசிரியை, தஞ்சாவூர்

மன்னிக்க வேண்டும், விட்டுப் போயிற்று. சி.ஏ. தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும். எனவே அவள் விருப்பம் உறுதியானது என்றால் ஆங்கில வழிக்கு மாறுவது பயன் தரும், முதல் பருவத்தில் மதிப்பெண் சற்றுக் குறைந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் மாறுவதற்கு முன் ஒன்றை எடை போட வேண்டும். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமை தரும் 2010-ஆம் ஆண்டுச் சட்டம், 2020-இல் திருத்தப்பட்ட பின், பள்ளியிலிருந்து உரிய தகுதி வரை முழுவதும் தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும் என்கிறது. இப்போது மாறினால், பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட தகுதி கேட்கும் பணிகளுக்கு அந்தக் கதவு மூடிவிடும். தமிழ் வழியிலேயே தொடர்ந்தால், ஒவ்வொரு இயலின் கலைச்சொற்களையும் இரு மொழிகளிலும் ஒரு தனி நோட்டில் அன்றன்றே எழுதிவரச் சொல்லுங்கள்.

இன்னொன்று. கோடை முடிவதற்குள் கடையின் கொள்முதல் பில்கள் பத்தை அவளிடம் கொடுங்கள். இரும்புக் கம்பிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. இருப்பதால், உள்மாநிலப் பில்லில் 9 சதவீதம் மத்திய அரசுக்கும் 9 சதவீதம் மாநில அரசுக்கும் பிரிந்திருக்கும். அந்த வரியைச் சரக்கின் விலையோடு சேர்க்காமல் தனியே காட்டி, ஒவ்வொன்றையும் குறிப்பேட்டில் பதிந்து பார்க்கட்டும். பிழை வந்தால் உங்கள் ஆடிட்டரிடம் அவளையே அனுப்புங்கள்.